மூணு சக்கர ஸ்கூட்டர்: எங்கே வாங்குவது, யாரிடம் சர்வீஸ் விடுவது?

"அண்ணே, சைடு வீல் மாட்டி ஓட்ட எந்த ஸ்கூட்டர் நல்லது?" என்று வாரத்துக்கு ஒருவராவது போன் போட்டுக் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் ஊரில் அந்த வண்டியில் கை வைக்கப்போகும் ஆள் யார்? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் ஜூபிடரா, ஆக்டிவாவா என்பது பெரிய விஷயமே இல்லை. தெரியாவிட்டால் எந்த வண்டி வாங்கினாலும் ஏதோ ஒரு திங்கட்கிழமை காலையில் அது உங்களை வீட்டுத் திண்ணையிலேயே உட்கார வைத்துவிடும்.

நான் போலியோ தலைமுறை. இந்தியாவில் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் பதிவானார்; மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு குழந்தை. அதற்கு முன் பாதிக்கப்பட்ட நாங்கள் லட்சக்கணக்கில் இன்னும் இருக்கிறோம், வயது ஏறிக்கொண்டே போகிறது. இளமையில் காலிப்பரும் ஊன்றுகோலுமாகப் பேருந்து ஏறியவர்களுக்கு இப்போது தோளும் மணிக்கட்டும் தேய்ந்துவிட்டன. விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர்கள், சர்க்கரை நோயால் காலை இழந்தவர்கள் என்று புதிதாகவும் ஆட்கள் சேர்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் வேலைக்கும் மருத்துவமனைக்கும் ரேஷன் கடைக்கும் போய்வர இருக்கும் ஒரே மலிவான வழி இந்த வண்டிதான். வண்டி ஒருநாள் நின்றால் ஒருநாள் சம்பளம் போகும், அல்லது அந்தச் சம்பளத்தில் பெரும்பகுதி ஆட்டோவுக்குப் போகும். எங்களுக்கு சர்வீஸ் செலவு என்பது பில்லில் இருக்கும் தொகை மட்டும் இல்லை. வண்டி எத்தனை நாள் பட்டறையில் நிற்கிறது என்பதையும் அதில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டில் மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் என்றால் வேறு ஓர் உலகம். கனடாவின் பி.ஆர்.பி. நிறுவனம் 2007இல் கொண்டுவந்த கேன்-ஆம் ஸ்பைடருக்கு முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. இத்தாலியின் பியாஜியோ எம்.பி.3 திருப்பத்தில் சாயக்கூடியது. அவற்றை வடிவமைத்ததும் ஒரே நிறுவனம், சர்வீஸ் செய்வதும் அதன் டீலர்தான். நம் வண்டி அப்படிப்பட்டதல்ல. ஹோசூரிலோ வேறு எங்கோ இரண்டு சக்கர வண்டியாகப் பிறந்து, பிறகு இன்னொரு பட்டறையில் இரண்டு பக்கமும் சக்கரம் பெறுகிறது. சிக்கல் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. எஞ்சினுக்குப் பொறுப்பு ஒருவர், சக்கரச் சட்டத்துக்கு, அதாவது 'கிட்'டுக்கு, பொறுப்பு இன்னொருவர். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் சொன்னால், "அது கிட் போட்டவங்க வேலை சார்" என்பார்கள். கிட் போட்டவரிடம் போனால், "ஃபோர்க் வேலை சார், கம்பெனில பாருங்க" என்பார். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கும். நடுவில் வெயிலில் நிற்பது நாம்.

ஆகவே டீலரைத் தேடுவது என்றால் இரண்டு பேரைத் தேடுவது. ஷோரூமைத் தேட வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு இருக்கிறது. கிட் மாட்டுபவரைத்தான் தேட வேண்டும். இணையத்தில் படம் பார்த்து, வடமாநிலத்திலிருந்து லாரியில் வரவழைத்து, உள்ளூர் வெல்டரிடம் மாட்டச் சொல்லும் பழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதன் புஷ் தேய்ந்தால் எந்த அளவு என்று கேட்க ஆள் இல்லை. என் கணக்கில், ஒரு பகல் பொழுதில் வண்டியைக் கொண்டுபோய்த் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருக்கும் பட்டறைதான் நல்ல பட்டறை. அதைக் கண்டுபிடிக்க மிகச் சுலபமான வழி, திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவது. குறைதீர் நாளில் வளாகத்தில் நிற்கும் சைடு வீல் வண்டிகளைப் பாருங்கள். ஐந்தாறு வருடம் ஓடிய வண்டியாகப் பார்த்து, ஓட்டிவந்தவரிடம் "எங்கே போட்டீங்க, எத்தனை தடவை மறுபடி வெல்டிங் வச்சீங்க?" என்று கேளுங்கள். புது வண்டிக்காரரின் பாராட்டை விட அந்தப் பதில் பெறுமானமுள்ளது. சென்னையில் இருப்பவர்களுக்குக் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனை வாசல் அப்படி விசாரிக்க ஏற்ற இடம்.

பட்டறைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது காகிதம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் விருப்பத்துக்கு மாற்ற விடுவதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உடல் குறைபாடு உள்ளவர் பயன்பாட்டுக்காக மாற்றியமைக்கப்பட்ட வண்டிக்குச் சட்டத்திலேயே தனி வகை உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் வண்டி அந்த வகையில் ஏற வேண்டும். அதற்கு, புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் அந்தக் கிட்டுக்கு, அதுவும் நீங்கள் வாங்கும் அதே மாடலுக்கு, ஒப்புதல் தந்திருக்க வேண்டும். "எல்லா வண்டிக்கும் ஒரே கிட்தான் சார்" என்று சொல்லும் பட்டறையிலிருந்து நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஒப்புதல் சான்றிதழின் நகல், பில், கிட்டில் அடித்திருக்கும் எண் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

பில் வேண்டாம், கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய 45ஆவது ஜி.எஸ்.டி. கவுன்சில், மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கான மாற்றுக் கிட்டுக்கு வரியை 5 சதவீதமாக்கியது. மற்ற உதிரிபாகங்கள்போல நினைத்து 18 சதவீதம் போட்டுக் கொடுக்கும் கடைகள் உண்டு. அந்த ஒரு வரியைத் திருத்தச் சொன்னாலே ஒரு டயர் விலை மிச்சமாகும்.

ஆர்.சி.யில் ஏற்றாமல் ஓட்டுபவர்கள் ஏராளம். போலீஸ்காரர் யாரும் நம்மை நிறுத்திக் கேட்பதில்லை என்பதால் அதன் ஆபத்து தெரிவதில்லை. இன்சூரன்ஸில்தான் தெரியும். பதிவில் இல்லாத மாற்றத்தைக் காட்டி, சேதத்துக்கான கோரிக்கையை நிராகரிக்க முடியும். பதிவில் இருந்தாலோ நிலைமை நேரெதிர். மோட்டார் டேரிஃப் விதிகளில் ஐ.எம்.டி. 12 என்று ஒரு பிரிவு இருக்கிறது; மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைத்து, ஆர்.சி.யிலும் குறிக்கப்பட்ட வண்டிக்கு சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி தருவது அது. ஏஜெண்டுகளில் பலருக்கு இது தெரியாது. நீங்கள்தான் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். மூன்றாம் நபர் பிரீமியத்தில் இந்தத் தள்ளுபடி இல்லை. 75 முதல் 150 சி.சி. வரையிலான வண்டிக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த தொகை 714 ரூபாய். தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கும் நமக்கு உண்டு. வண்டியைப் பதிவு செய்வதற்கு முன்பே ஷோரூம்காரரிடம் அடையாள அட்டையையும் மருத்துவச் சான்றையும் கொடுத்து, விலக்கோடு பதிவு செய்யச் சொல்லுங்கள். கட்டிய வரியைத் திரும்ப வாங்குவது பெரும் அலைச்சல்.

இனி நான் நிறையச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். செட்டிங்.

நம் வண்டியில் பின்சக்கரம் அப்படியே இருக்கிறது. அதன் இரு புறமும் இரண்டு சக்கரங்கள் கூடுதலாக வருகின்றன. எஞ்சின் ஓட்டுவது நடுச்சக்கரத்தை மட்டும்தான். பல கிட்களில் பின்னால் பிரேக் பிடிப்பதும் அது ஒன்றுதான். அந்த நடுச்சக்கரம் எப்போதும் தரையை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். பக்கச் சக்கரங்களை நூல் அளவு அதிகமாக இறக்கி வைத்துவிட்டால், பள்ளத்தில் இறங்கும்போது இரண்டு பக்கமும் மேட்டில் நின்று, நடுச்சக்கரம் காற்றில் சுற்றும். ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் வண்டி நகராது. பின் பிரேக் பிடித்தாலும் நிற்காது. மழைக்காலத்தில் மண் ரோட்டில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. மாறாக, பக்கச் சக்கரங்களைத் தூக்கி வைத்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடும்; நிற்கும்போது ஆடும்; முதுகு வலி வரும்.

இந்த அளவை வெறும் வண்டியில் வைத்துப் பார்க்கவே கூடாது. நீங்கள் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். வழக்கமாகப் பின்னால் மனைவியோ பிள்ளையோ வருவார்கள் என்றால் அவர்களும் உட்கார வேண்டும். பெட்ரோல் பாதியாவது இருக்க வேண்டும். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். தரை சிமெண்ட் தரையாக இருக்க வேண்டும். பிறகுதான் போல்ட்டை இறுக்க வேண்டும். நாற்பது கிலோ பெண்ணுக்கும் எண்பது கிலோ ஆணுக்கும் ஒரே அளவில் முடுக்கி அனுப்பும் பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். நல்ல பிட்டர் உங்களை உட்கார வைத்து, எழுந்து நின்று பின்னாலிருந்து பார்த்து, மறுபடி குனிந்து சரிசெய்வார். ஒரு சுற்று ஓட்டிவரச் சொல்லி மறுபடி பார்ப்பார். அரை நாள் எடுத்துக்கொள்வார். அவருக்குக் கேட்ட கூலியைக் கொடுங்கள். அங்கே பேரம் பேச வேண்டாம்.

இந்த விஷயத்தில் எங்கள் பக்கத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனம் வந்ததிலிருந்து துவாக்குடி வரைக்கும் பேப்ரிகேஷன் பட்டறைகள். பாய்லர் பைப் வெல்டிங் வைத்துப் பழகிய கைகள் இங்கே உண்டு. ஸ்கூட்டர் சட்டத்தின் தகடு மெல்லியது. அதில் எவ்வளவு சூடு காட்டலாம் என்று அறிந்தவரிடமும், ஜன்னல் கிரில் செய்பவரிடமும் வேலை ஒன்றாக இருக்காது. நல்ல கிட் எதுவும் வண்டிச் சட்டத்தில் நேரடியாக வெல்டிங் வைக்காது. கிளாம்ப்பும் போல்ட்டும் கொண்டு பிடிக்கும். சட்டத்தில் நேராக வெல்டிங் வைத்தால் அந்த இடம் முறுக்கு விழுந்து, நாளடைவில் பக்கத்திலேயே வெடிக்கும். கோவையில் லேத்துக்கும் பேப்ரிகேஷனுக்கும் பஞ்சமில்லை. அப்படிப்பட்ட தொழில் ஊருக்குப் பக்கத்தில் நீங்கள் இருந்தால், கிட்டுக்கான ஆளை ஸ்கூட்டர் கடைகளுக்கு நடுவில் தேடாமல் அந்தப் பட்டறைகளுக்கு நடுவில் தேடுங்கள்.

சர்வீஸுக்கு வருவோம். எல்லா வேலையையும் ஒரே இடத்தில் கொடுப்பதுதான் செலவை ஏற்றுகிறது என்பது என் அனுபவம். இலவச சர்வீஸ் கூப்பன் இருக்கும் வரை எஞ்சின் வேலையைக் கம்பெனியிலேயே செய்யுங்கள். வாரண்டிக்கு அந்தப் பதிவு தேவை. சைடு வீல் மாட்டியதைக் காரணம் காட்டி வாரண்டியை மறுக்க மாட்டோம் என்று வாங்கும்போதே எழுதி வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒரு சங்கடம் உண்டு. இரண்டு சக்கர வண்டியைத் தூக்கும் ராம்ப் குறுகலானது; நம் வண்டி அதில் ஏறாது. எங்கள் பக்கம் ஒரு சர்வீஸ் சென்டரில் சைடு வீலைக் கழற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள் என்றே சொல்லிவிட்டார்கள். கழற்றிவிட்டு நான் எப்படி ஓட்டி வருவது? இன்னொரு கிளையில், தரையில் வைத்தே வேலை பார்க்கிறோம், காலை முதல் ஆளாக வாருங்கள் என்றார்கள். கம்பெனி ஒன்றுதான், ஊரும் ஒன்றுதான். அதனால் வாங்குவதற்கு முன்பே சர்வீஸ் பிரிவுக்குள் போய் மேலாளரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்: "சைடு வீல் வண்டியைத் தரையில வச்சுப் பார்ப்பீங்களா? அன்னைக்கே தருவீங்களா? காத்திருக்க உட்கார இடமும், சக்கர நாற்காலி போற கழிப்பறையும் இருக்கா?" விற்பனைப் பிரிவில் சொல்லும் ஆமாம் செல்லாது.

கூப்பன் முடிந்த பிறகு நம்பகமான தெரு மெக்கானிக்கே போதும். ஆயில் மாற்றுவது, ஏர் ஃபில்டர், பிளக், பிரேக் ஷூ எல்லாம் அவர் வேலை. ஆயில் ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும்; கம்பெனி சொன்ன கிரேடில் நீங்களே வாங்கிக் கொடுங்கள். உதிரிபாகங்களின் பாக்கெட்டில் எம்.ஆர்.பி. அச்சிட்டிருக்கும், பார்த்துவிட்டுக் கொடுங்கள். சென்னைக்காரர்களுக்கு ஜி.பி. ரோடு இருக்கிறது, பழைய பாகத்துக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. ஆனால் பிரேக், பேரிங், டயர் மூன்றையும் பழையதாக வாங்க வேண்டாம்.

நம் வண்டியில் தேயும் இடங்கள் மற்ற ஸ்கூட்டரில் தேயும் இடங்கள் அல்ல. இதை மெக்கானிக்குக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும். கூடுதல் எடையை இழுப்பதால் டிரைவ் பெல்ட்டும் ரோலரும் கிளட்ச் ஷூவும் சீக்கிரம் தேயும். புறப்படும்போது வண்டி உதறினாலும், எஞ்சின் இரைந்தும் வேகம் ஏறாவிட்டாலும் அங்கேதான் பார்க்க வேண்டும். கார்புரேட்டரையும் சென்சாரையும் நோண்டவிட்டுப் பணத்தைக் கரைக்க வேண்டாம். வண்டி சாயாது என்பதால் நடு டயர் நட்டநடுவில் சப்பையாகத் தேயும். ஓரத்தில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. ஹேண்டில் பாரை இழுத்துத் திருப்புகிறோம். ஆகவே கோன் செட் போகும். பக்கச் சக்கரத்தின் பேரிங்குக்கு எதிரி வாட்டர் வாஷ். பிரஷர் தண்ணீர் உள்ளே போனால் கிரீஸ் கரைந்து, ஒரு மழைக்காலத்துக்குள் சத்தம் போடத் தொடங்கும். துணியால் துடைப்பதே போதும்.

பேரிங்கும் புஷ்ஷும் சில நூறு ரூபாயில் முடியும் பொருட்கள். அவற்றின் எண்ணும் அளவும் தெரிந்தால்தான் அந்த விலை. தெரியாவிட்டால் பட்டறைக்காரர் சொல்வதுதான் விலை, அவர் ஊரில் இல்லாவிட்டால் வேலையும் நடக்காது. கிட் மாட்டும் நாளிலேயே பேரிங்கின் மேல் இருக்கும் எண், புஷ்ஷின் உள் விட்டம், வெளி விட்டம், நீளம், போல்ட் அளவு, சைடு டயர் அளவு, செட்டிங் முடிந்த பிறகு சட்டத்திலிருந்து தரை வரை உள்ள உயரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, லேமினேட் செய்து சீட்டுக்கு அடியில் வையுங்கள். போனிலும் படம் எடுத்து வையுங்கள். இந்தத் தாள் கையில் இருந்தால் வழியில் எந்த ஊரில் நின்றாலும் அங்குள்ள லேத்தில் புஷ் கடைந்து போட்டு வந்துவிடலாம்.

மாடலைத் தேர்ந்தெடுக்கும்போதும் நம் தேவையை வைத்துப் பார்த்தால் மதிப்பெண்கள் மாறும். மைலேஜ் கடைசியில் வரட்டும். பெட்ரோல் மூடி எங்கே இருக்கிறது? சீட்டுக்கு அடியில் இருந்தால் ஒவ்வொரு பங்கிலும் இறங்கி, ஊன்றுகோலை எடுத்து, சீட்டைத் தூக்கி, மறுபடி ஏற வேண்டும். 2013இல் வந்த டி.வி.எஸ். ஜூபிடரில் மூடி பின்னால் வெளியிலேயே இருந்தது. ஜூபிடர் 125இல் முன்பக்கத்துக்கே வந்துவிட்டது, உட்கார்ந்தபடியே நிரப்பலாம். ஹோண்டா ஆக்டிவாவிலும் 6ஜி முதல் வெளிமூடி உண்டு. பழைய ஆக்டிவாவை மலிவாக வாங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அடுத்தது சக்கர அளவு. ஜூபிடரில் முன்னும் பின்னும் 12 அங்குலம். ஆக்டிவா 6ஜியில் முன்னால் 12, பின்னால் 10. கிட்டின் பக்கச் சக்கரம் வண்டியின் ஏதாவது ஒரு சக்கரத்தோடு அளவில் ஒத்திருந்தால் டயர், டியூப், ரிம் எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும். கிட்டுக்கென்று தனியாக ஒரு சின்னச் சக்கரம் போட்டிருந்தால் அது தேய்ந்த நாளன்று நீங்கள் அந்தக் கம்பெனியைத் தேடி அலைய வேண்டும்.

ரிவர்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலைத் தரையில் ஊன்றித் தள்ள முடியாதவருக்கு, சுவர் ஓரம் நிறுத்திய பெட்ரோல் ஸ்கூட்டரைப் பின்னால் எடுக்க யாராவது ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்காகக் காத்து நிற்பது எங்களுக்கு அன்றாடம். சில கிட்களில் ரிவர்ஸ் கியர் தனியாகக் கிடைக்கிறது. விலை கூடும், பராமரிப்பும் கூடும். மின்சார ஸ்கூட்டர்கள் இதைச் சுலபமாக்கிவிட்டன. டி.வி.எஸ். ஐகியூப், ஏத்தர் இரண்டிலும் பின்னால் நகரும் வசதி உள்ளேயே இருக்கிறது. ரோலர், கிளட்ச் ஷூ, எஞ்சின் ஆயில் செலவும் இல்லை. ஆனால் ஐகியூபில் மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருப்பதால், கிட்டின் பிடிப்பு அதன் ஒயரையும் ஆக்ஸிலையும் தொடாதபடி அமைய வேண்டும். கூடுதல் எடையால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையும். அந்த மாடலுக்கென்றே ஒப்புதல் பெற்ற கிட் கையில் வராமல் மின்சார வண்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். ஊருக்குள் மட்டும் போய்வருபவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸில் பிறந்த நியோமோஷன் 2021இல் அறிமுகம் செய்த நியோபோல்ட், சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொள்ளும் மோட்டார் சக்கரம். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை. போன இடத்தில் அதைக் கழற்றிவிட்டால் நாற்காலி நாற்காலியாகவே உள்ளே போகும். கடைசி ஐம்பது அடிக்கு இன்னொரு நாற்காலி தேட வேண்டியதில்லை.

அரசு தரும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் வாங்கியவர்கள் தனியாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆட்சியர் கையால் சாவி வாங்கும் அன்று எல்லோரும் மகிழ்ச்சியில் இருப்பார்கள்; இருக்க வேண்டியதுதான், எத்தனையோ குடும்பங்களின் வாழ்க்கையை மாற்றிய திட்டம் அது. அந்த மகிழ்ச்சிக்கு நடுவிலேயே, கிட் மாட்டிய நிறுவனத்தின் ஆள் யார், நம் மாவட்டத்தில் அவர் பழுது பார்க்கும் இடம் எது, எவ்வளவு காலம் இலவசம் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியில் நீங்கள் உட்கார்ந்து செட்டிங் செய்தார்களா என்றும் பாருங்கள். மொத்தமாக மாட்டி வந்த வண்டிகளில் அது நடந்திருக்க வழியே இல்லை. முதல் வாரத்திலேயே ஒரு பிட்டரிடம் காட்டி உங்கள் எடைக்குச் சரிசெய்துவிடுங்கள். அரசிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வண்டி வாங்கும் ஒப்பந்தத்திலேயே ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு பழுதுபார்க்கும் பட்டறையும், வருடத்துக்கு இரண்டு முகாமும் கட்டாயம் என்று எழுத வேண்டும். வண்டியைக் கொடுக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. அது இல்லாததால், ஒரு பேரிங் இல்லாமல் வீட்டோரம் துருப்பிடித்து நிற்கும் அரசு வண்டிகளைக் கிராமங்களில் பார்க்கிறேன். மனசு தாங்குவதில்லை.

முகாமுக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. எங்கள் பக்கம் சைடு வீல் வண்டி வைத்திருக்கும் சிலர் ஒன்று சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு பட்டறையைப் பேசிவைத்து வரிசையாக வண்டிகளைக் காட்டுகிறோம். பேரிங், புஷ், கிரீஸ், டியூப் எல்லாம் மொத்தமாக வாங்குவதால் கடைக்காரர் விலை குறைக்கிறார். ஒரே மாதிரி வண்டிகளைத் தொடர்ந்து பார்ப்பதால் பட்டறைப் பையன்களுக்கும் கை பழகிவிட்டது. முதலில் தயங்கிய மெக்கானிக் இப்போது சத்தத்தைக் கேட்டே எந்தப் பக்க பேரிங் என்று சொல்கிறார். ஒரு ஊருக்கு இப்படி ஒருவர் உருவாகிவிட்டால் போதும். அவருக்குத் தொடர்ந்து வேலை கொடுத்து அவரைக் காப்பாற்றிக்கொள்வது நம் பொறுப்பு. கூட்டமாகப் போனால்தான் அது முடியும். இதுவரை நான் பார்த்ததில் மிக மலிவான சர்வீஸ் இதுதான்.

பஞ்சர் பற்றி ஒரு வார்த்தை. நடுச்சக்கரம் பஞ்சரானால் சென்டர் ஸ்டாண்ட் உதவாது. கிட்டோடு சேர்த்துத் தூக்க ஆள் வேண்டும். நடுச்சக்கரத்துக்கு டியூப்லெஸ் டயர் போட்டிருந்தால் சக்கரத்தைக் கழற்றாமலே ஒட்டிவிடலாம். பக்கச் சக்கரத்துக்கும் டியூப்லெஸ் கிடைத்தால் போடுங்கள். நீங்கள் அன்றாடம் போகும் வழியில், வண்டி இருக்கும் இடத்துக்கே வந்து பார்க்கும் பஞ்சர்காரர்களின் எண்களைச் சேகரித்து வையுங்கள். புடவை, துப்பட்டா அணிபவர்கள் பக்கச் சக்கரத்துக்கு முழு மட்கார்டு கேட்டு வாங்க வேண்டும். இதைப் பட்டறைகள் தாமாகச் சொல்வதில்லை.

பழைய வண்டி வாங்குபவர்கள் சட்டத்தில் கிளாம்ப் பிடித்திருக்கும் இடத்தை முதலில் பாருங்கள். பெயிண்ட் புதிதாக அடித்திருந்தால் விரல் நகத்தால் கீறிப் பார்த்து, கீழே வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வண்டி எந்த விலைக்கும் வேண்டாம். பிறகு ஆர்.சி.யைப் பாருங்கள். அதில் சாதாரண ஸ்கூட்டர் என்றே இருந்தால், மாற்றத்தைப் பதிவு செய்து, கிட்டின் சான்றிதழோடு பெயர் மாற்றித் தரச் சொல்லுங்கள். சான்றிதழ் தொலைந்துவிட்டது என்றால் கிட்டுக்கு விலை கிடையாது, ஸ்கூட்டருக்கு மட்டும்தான் விலை. உங்கள் உடலுக்கும் எடைக்கும் ஏற்பப் புதுக் கிட் போட வேண்டியிருக்கும் என்று வைத்தே கணக்குப் பாருங்கள். அந்தக் கணக்கில் பல நேரம் புது வண்டிதான் மலிவாக வரும்.